தாத்தாவின் விபூதிச் சம்புடம்

காலையில் அனுட்டானம் முடிக்காமல் தாத்தாவுக்குப் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. மாயவரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தருமபுரம் ஆதீனத்தில் சமய தீட்சை, அதாவது குரு கையால் மந்திர உபதேசம், வாங்கியவர். கிணற்றடியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்து, கிழக்குப் பார்த்துப் பலகையில் உட்காருவார். ஒரு செம்புத் தண்ணீர், பஞ்சபாத்திரம், உத்தரணி, மரச் சம்புடத்தில் விபூதி. அவ்வளவுதான் அவர் சாமான். விபூதியைத் தண்ணீரில் குழைத்து நெற்றியில் மூன்று விரலால் இழுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். பிறகு உதடு மட்டும் அசையும். நாங்கள் எவ்வளவு சத்தம் போட்டு விளையாடினாலும் அந்த உதட்டசைவு நிற்காது.

"எல்லாரும் சொல்ற நமசிவாயத்தைத்தானே நீங்களும் சொல்றீங்க? அதுக்கு எதுக்கு தாத்தா தீட்சை?" என்று ஒருமுறை கேட்டேன். பத்து வயது இருக்கும். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் விதைக்கோட்டையைக் காட்டினார். வைக்கோல் பிரியால் இறுக்கிக் கட்டி, பரண்மேல் தனியாக வைத்திருப்பார்கள்.

"குதிர்ல இருக்கறதும் நெல்லு, இதுவும் நெல்லு. ஆனா வீட்ல எவ்வளவு பஞ்சம் வந்தாலும் இதுல கை வைக்க மாட்டோம். ஏன்னா இது நமக்குச் சாப்பிடக் குடுத்தது இல்ல, விதைக்கக் குடுத்தது."

அன்று எனக்குப் பாதிதான் புரிந்தது. தீட்சையன்று என்ன நடந்தது என்பதையும் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறார். முதல் நாள் உபவாசம். கண்ணைத் துணியால் கட்டி, பூஜைக்குப் போட்ட மண்டலக் கோலத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கையில் இருந்த பூவை எறியச் சொன்னார்கள். கட்டை அவிழ்த்ததும் எதிரே தீபம். குரு சிவமாகப் பாவித்த தம் கையை அவர் தலைமேல் வைத்தார். தலையில் கை வைத்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் தாத்தா தன் உச்சியைத் தொட்டுக்கொள்வார், அந்தச் சூடு இன்னும் இருப்பதைப் போல.

அவர் போன பிறகு அந்தச் சம்புடம் என்னிடம் வந்தது. கல்யாணமாகி மொரீசியஸ் வந்தபோது கூடவே கொண்டு வந்தேன். குவாத்ர் போர்ன் வீட்டில் கண்ணாடி மேசைமேல் இருக்கிறது, உள்ளே சேலைக்குக் குத்தும் ஊக்கு போட்டு வைத்திருந்தேன். இதை எழுதும்போது கை கூசத்தான் செய்கிறது.

எனக்குக் குரு இல்லை என்ற குறை பல வருஷமாக உண்டு. இங்கே வருவதற்கு முன்பு சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்தில் தீட்சை கொடுக்கிறார்கள் என்று தோழியோடு போனேன். நாற்காலியில் எண் ஒட்டியிருந்தது. பணம் கட்டினால் டோக்கன், டோக்கனைக் கொடுத்தால் ஒரு உறை, உறைக்குள் சீட்டில் அச்சடித்த மந்திரம். கொடுத்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள்கூட நான் அதைச் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன, நானும் அவரை எதுவும் கேட்கவில்லையே. நீங்கள் யார், உங்கள் குரு யார், நான் உங்களுக்கு யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? ஒரு மாடு வாங்கப் போனாலும் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அழுகை வந்தது. அதற்குப் பிறகு தீட்சை என்ற பேச்சையே எடுக்கவில்லை.

போன ஜூலையில், குரு பூர்ணிமாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, என் கணவரின் பெரியம்மா முறை ஆகும் ஒருவர் எங்களை லா பொயிந்த்துக்கு வரச் சொன்னார். ரிவியேர் து ராம்பார் பக்கம், வடகிழக்குக் கடலோரம். சைவ சித்தாந்தத் திருச்சபையின் ஆன்மிகப் பூங்கா அங்கே இருக்கிறது. "ஹோமம் இருக்கு, வந்து பாரு. பிடிச்சா அப்புறம் பேசலாம்" என்று மட்டும் சொன்னார்.

இந்தத் தீவில் தமிழர் கோயிலுக்குக் குறைவே இல்லை. போர்ட் லூயிஸில் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன், கோர் து கார்த் மலைச்சரிவில் முருகன். 1730களில் லாபூர்தொனே இங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்தபோது புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த கைவினைஞர்கள் ஒரு தலைமுறை. 1834-க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்கள் இன்னொரு தலைமுறை. பெரும்பாலானவர்களுக்கு வீட்டுப் பேச்சு பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல்தான். ஆனால் தைப்பூசம் வந்தால் தீவுக்கே அரசு விடுமுறை. காவடிக்குப் பத்து நாள் விரதம் இருப்பதை இங்கே 'கரேம்' என்கிறார்கள். மொழி கைவிட்டுப் போனாலும் அந்தப் பத்து நாளை விட்டுக்கொடுக்காத ஜனம். அவர்கள்மேல் எனக்கு இருக்கும் மரியாதையைச் சொல்லி முடியாது.

ஜூலை இங்கே குளிர்காலம். பாம்ப்ளமூஸ் தாண்டியதும் இருபுறமும் கரும்பு, வெட்டிய வயலில் சோகை மணம். கடற்கரை வந்ததும் காற்று முந்தானையைப் பிடுங்கியது. இங்கே 'ஃபிலாவோ' என்று சொல்லும் நம்ம ஊர்ச் சவுக்கு மரத்தில் ஓயாத இரைச்சல். புல்வெளிக்கு நடுவில் பஞ்சமுக கணபதி உட்கார்ந்திருந்தார். ஐந்து முகம், நல்ல உயரம். எந்தப் பக்கம் நின்றாலும் ஒரு முகம் நம்மைப் பார்க்கிறது.

ஹோமம் தொடங்கும் முன் ஆளுக்கு ஒரு தாளும் பேனாவும் கொடுத்தார்கள். வேண்டுதலை எழுதி அக்கினியில் சேர்ப்பது இங்கே வழக்கம். நான் அவசரமாகக் கிறுக்குவதைப் பெரியம்மா பார்த்துவிட்டார்.

"மெதுவா எழுதும்மா. எழுத்து தெளிவா இருக்கணும். தேவர்கள் படிக்கணும்ல?"

அவர் அதை அப்படியே நம்பிச் சொன்னார். நான் வேறு தாள் வாங்கி, பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன். 'எனக்கு ஒரு குரு வேண்டும்.' தாள் குண்டத்தில் விழுந்ததும் ஓரம் சுருண்டு, நடுவில் 'குரு' என்ற இரண்டு எழுத்து மட்டும் ஒரு கணம் கறுப்பில் கறுப்பாக மினுங்கிவிட்டுப் போனது. நெய் வாசம் சேலையிலேயே தங்கிவிட்டது.

பூஜை முடிந்து அவர் வீட்டுக்குப் போனோம். வாழையிலையில் 'செத் காரி', அதாவது ஏழு கறி. ரசத்தை இங்கே 'ராசோன்' என்பார்கள். என் மாமியார் வீட்டு ராசோனைவிட இது காரம் அதிகம். சாப்பிட்டதும் பூஜை அறையைக் காட்டினார். முருகனுக்கும் நடராசருக்கும் கீழே வரிசையாகக் குருமார் படங்கள். கடையிற் சுவாமி, செல்லப்பா சுவாமி, யோகர் சுவாமி, கடைசியில் வெள்ளைத் தாடியோடு சிவாய சுப்பிரமுனியசுவாமி. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு செம்பருத்தி.

இந்த வரிசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்துக் கடைவீதியில் திரிந்ததால் கடையிற் சுவாமி. அவர் வழியில் செல்லப்பா சுவாமி. நல்லூர் கந்தசுவாமி கோயில் தேரடியில் கிடந்தவர், ஊரார் பைத்தியம் என்றார்கள். அந்தத் தேரடியில் "யாரடா நீ?" என்று ஓர் அதட்டல். அதிலேயே யோகர் சுவாமி அவருக்கு ஆளாகிப் போனார். யோகர் சுவாமி 1872-ல் பிறந்து 1964-ல் சமாதியானவர். 1949-ல் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் இருந்த அவர் குடிலுக்கு ஓர் அமெரிக்க இளைஞர் வந்தார். வயது 22. அவர் விடைபெறும் நேரத்தில் யோகர் சுவாமி முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டார். அதுதான் தீட்சை. சைவ நூல்கள் தீக்கையை நயனம், பரிசம், வாசகம், மானசம், சாத்திரம், யோகம், ஔத்திரி என்று ஏழாகச் சொல்கின்றன. பார்வையால் மீன் குஞ்சு பொரிப்பது நயனம், பறவை தொட்டு அடைகாப்பது பரிசம், ஆமை கரையில் முட்டையிட்டுவிட்டுக் கடலில் இருந்தே நினைந்து பொரிப்பது மானசம் என்று உவமை. அந்த அறையும் பரிசம்தான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

அறை வாங்கிய அந்த இளைஞர்தான் பின்னாளில் ஹவாயின் கவாய் தீவில் மடம் அமைத்த சுப்பிரமுனியசுவாமி. பூங்கா வைத்திருக்கும் திருச்சபையும் அவருடையதுதான். யாழ்ப்பாணத்துத் தேரடியில் கிடந்த ஒன்று கலிபோர்னியாக்காரர் ஒருவர் கைக்குப் போய், அவர் வழியாக மொரீசியஸ் கரும்புத் தோட்டத்துத் தமிழச்சி காதில் வந்து விழுந்திருக்கிறது. 2001-ல் அவர் மறைந்த பிறகு போதிநாத வேலன்சுவாமி பீடத்துக்கு வந்தார். குரு போனாலும் வரிசை அறுபடவில்லை.

"பெரியம்மா, உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?" என்று கேட்டேன்.

அவர் தமிழ் மெதுவாக வரும், நடுவில் கிரியோல் எட்டிப் பார்க்கும். "கேட்டதும் குடுக்கல. படி, சைவமா சாப்பிடு, தினம் பூஜை பண்ணு, அப்புறம் பாக்கலாம்னாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு. எனக்குக் கோவம்கூட வந்துச்சு. நான் சின்ன வயசுல இருந்து கோயில்ல நமசிவாய சொல்றேன், எனக்கு என்ன பரீட்சைன்னு." சிரித்தார். "அப்புறம் அந்த நாள் வந்துச்சு. அதே சொல்லு. அப்பா சொல்லிக் குடுத்த அதே நமசிவாய. ஆனா அதுக்கு முன்ன அது நான் எடுத்துக்கிட்டது. அன்னிக்குதான் ஒருத்தர் எனக்குக் குடுத்தாங்க. குடுத்தவங்களுக்குப் பதில் சொல்லணும்ல? அதனால ஒரு நாளும் விடல. எங்க வீட்டுக்காரர் செத்த அன்னிக்கும் விடல."

எனக்குத் தாத்தாவின் பரண் ஞாபகம் வந்தது. வாய் தானாகத் திறந்தது. "எனக்கும் வேணும் பெரியம்மா."

அவர் உடனே தலையாட்டவில்லை. "வீட்ல தினமும் விளக்கு ஏத்துறியா?"

"வெள்ளிக்கிழமை மட்டும்."

"தினம் ஏத்து. விடியறதுக்கு முன்ன உக்காரு. நூத்தியெட்டு. ஒரு வருஷம் பண்ணிட்டு வா, நானே கூட்டிட்டுப் போறேன்." கிளம்பும்போது ஹோமத்து விபூதியை ஒரு பொட்டலமாக மடித்து என் கையில் வைத்தார்.

திரும்பும் வழியில் இவர் வண்டி ஓட்ட, நான் அப்பர் பெருமானை நினைத்துக்கொண்டே வந்தேன். திருச்சத்திமுற்றத்தில் நின்று, உன் திருவடியை என் தலைமேல் வை என்று கேட்டார். இறைவன் அங்கே வைக்கவில்லை, சோழநாட்டு நல்லூருக்கு வா என்றார். இரண்டும் எங்கள் பக்கத்து ஊர்கள்தான், கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். அப்பருக்கே கேட்டது ஓர் ஊர், கிடைத்தது ஓர் ஊர். அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் நடந்து போனாரே, அந்த வழியில் அவர் மனம் எப்படி இருந்திருக்கும்? சென்னை மண்டபத்தில் எனக்கு அந்த நடை இல்லாமல் போய்விட்டது. கேட்ட இடத்திலேயே உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சம்புடத்திலிருந்த ஊக்குகளைக் கொட்டினேன். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவைத்தேன். அடியில், மரத்தின் வரியிடுக்கில், சாம்பல் நிறமாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. தாத்தாவின் விபூதி. அதைச் சுரண்டாமல் அதன்மேலேயே லா பொயிந்த்து விபூதியைக் கொட்டினேன்.

மறுநாள் நாலரைக்கு எழுந்து விளக்கேற்றி உட்கார்ந்தேன். நாற்பதுக்குமேல் எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.