கடலில்லாத கடற்படை

பொலிவியாவுக்குக் கடல் கிடையாது, ஆனால் கடற்படை உண்டு! ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில், டிட்டிகாக்கா ஏரியில் பயிற்சி எடுக்கிறார்கள். சிரிப்பு வரும்தான். ஆனால் ஒவ்வொரு மார்ச் 23-ம் அங்கே ‘கடல் நாள்’. 1879-இல் சிலியோடு நடந்த போரில், அப்போது பொலிவியாவிடம் இருந்த கலாமா ஊரைக் காக்க நின்று உயிரைவிட்ட எதுவார்தோ அபரோவாவின் நினைவு நாள் அது. பள்ளிப் பிள்ளைகள்கூட ஊர்வலம் போகிறார்கள்.

அப்போது பொலிவியாவுக்குக் கடற்கரை இருந்தது. சிலியோடு தகராறு வெடியுப்பில் தொடங்கியது. அந்தக் கரையோர அந்தோஃபகஸ்தாவில் அதை வெட்டியெடுத்த சிலி கம்பெனிக்குக் குவிண்டாலுக்கு 10 சென்டாவோ வரி போட்டது பொலிவியா. ‘புது வரி போடமாட்டோம்னு 1874-இல் எழுதிக் கொடுத்தீர்களே’ என்று சிலி படையை இறக்கிவிட்டது. சில்லறைக் காசுச் சண்டையில் சுமார் 400 கி.மீ. கடற்கரையே போச்சு.

அந்தக் கடற்கரை சிலிக்கே என்று 1904 ஒப்பந்தத்தில் பொலிவியாவே கையெழுத்துப் போட்டது. பதிலுக்கு அரிக்கா – லா பாஸ் ரயில் பாதையும் துறைமுக வழிச் சரக்கு உரிமையும் கிடைத்தன. சரி, அதையெல்லாம் தாண்டி, கடல் வழி பற்றிச் சிலி பேச வரவேண்டும் என்று ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் போனார்கள். ‘பேச்சுவார்த்தைக்கு வந்தே ஆகவேண்டிய கடமை சிலிக்கு இல்லை’ என்று 2018-இல் 12-க்கு 3 தீர்ப்பு.

எனக்கென்னவோ சிலி மனசு வைத்தாலும் சிக்கல் தீராது என்றே தோன்றுகிறது. 1975-இல் சிலியை ஆண்ட பினோசே அரிக்காவுக்கு வடக்கே ஒரு துண்டு நிலம் தர முன்வந்தார். அது ஒரு காலத்தில் பெரு நாட்டின் மண். சிலியும் பெருவும் போட்ட 1929 ஒப்பந்தப்படி பெருவும் தலையாட்ட வேண்டும். பெரு வேறொரு யோசனை சொல்ல, பேச்சு முறிந்தது. 1978-இல் சிலி – பொலிவியா தூதரக உறவும் அறுந்தது.