மூன்றாவது அடி

(எழுதியது அன்றன்றைக்கு. இங்கே போடுவது வழக்கு முடிந்து, மேல்முறையீட்டுக் கெடுவும் கழிந்த பிறகு. ஆள் தெரியக் கூடாது என்பதற்காக உறவுமுறை, வயது, இடம் எல்லாவற்றிலும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.)

2025 பிப்ரவரி 3, திங்கள்

பாளையங்கோட்டையில் வக்கீல் குமாஸ்தாவாகி 28 வருஷம். எத்தனையோ கொலை வழக்குக் கட்டு பார்த்தாயிற்று. கோர்ட்டை விட்டு இறங்கினால் டீ, பஸ், வீடு. கட்டு ஆபீஸ் அலமாரியிலேயே கிடக்கும். இந்த ஒன்று மட்டும் வீடு வரைக்கும் வருகிறது.

நாற்பது வயது விதவை. வீட்டில் பங்கு கேட்டு 15 வருஷமாகத் தொல்லை கொடுத்த கொழுந்தன், ஒருநாள் சாயங்காலம் குடித்துவிட்டு அரிவாளோடு அடுக்களைக்குள் வந்திருக்கிறான். முதல் வெட்டு அவள் இடது முன்கையில். அம்மி மேல் குழவி இருந்தது. எடுத்து அடித்திருக்கிறாள். மூன்று அடி. ஆள் அங்கேயே முடிந்துவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் ஏறி அவளே ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள்.

சம்பவம் 2023-ல். புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். அமலுக்கு வந்தது 2024 ஜூலை 1-ல்தான் என்பதால் வழக்கு பழைய இ.பி.கோ.விலேயே ஓடுகிறது. பிரிவு 302, கொலை.

போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டைத் தமிழில் எடுத்து வைக்கச் சொன்னார் சீனியர். காயம் 1, இடது நெற்றிப் பொட்டு. எதிரே நிற்பவனை வலது கையால் அடித்தால் விழுகிற இடம். காயம் 2, வலது தோள்பட்டை. காயம் 3, பின்மண்டை. எலும்பு உடைந்து உள்ளே இறங்கியிருக்கிறது. உயிர் போனது அதனால்தான் என்று டாக்டர் கூண்டிலும் சொல்லியாயிற்று.

இரண்டு முன்னால், ஒன்று பின்னால். வழக்கே அதுதான் என்றார் சீனியர்.

பிப்ரவரி 5, புதன்

இன்று ஏ.ஆர். (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேடு) காப்பி கையில் கிடைத்தது. அவளை அன்றிரவு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எழுதியது. "தெரிந்த ஒரு நபர் அரிவாளால் வெட்டியதாக" என்ற வழக்கமான வரி, கீழே 6 சென்டிமீட்டர் வெட்டுக்காயம். குற்றப்பத்திரிகையில் இந்தக் காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சீனியர் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை. எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், உடம்பில் இருக்கிற காயத்துக்கு அரசுத் தரப்பு விளக்கம் சொல்லாமல் விட்டால், அவர்கள் சொல்கிற கதையையே சந்தேகிக்கலாம். 1976-லேயே சுப்ரீம் கோர்ட் சொன்ன விஷயம் இது.

ஜூனியர் பையனுக்குத் தற்காப்புப் பிரிவுகளைச் சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில். படித்தவன் அவன், பாடம் எடுப்பது நான். இந்தத் தொழிலில் இது சகஜம். 96 முதல் 106 வரை. 100-ல் எப்போதெல்லாம் கொல்லும் வரைக்கும் போகலாம் என்று வரிசை: உயிருக்கு ஆபத்து, கொடுங்காயம், பாலியல் பலாத்காரம், ஆள் கடத்தல் என்று போகும். ஆசிட் வீச்சை 2013-ல் சேர்த்தார்கள். 99-ல் கடிவாளம்: தேவைக்கு மேல் போகாதே, போலீஸைக் கூப்பிட நேரமிருந்தால் கூப்பிடு. 106-ல் ஓர் உதாரணம் வரும். கும்பல் ஒன்று ஒருவனைக் கொல்ல வருகிறது. சுட்டால்தான் தப்பலாம், ஆனால் கும்பலில் குழந்தைகளும் கலந்து நிற்கிறார்கள். சுட்டு, குழந்தைக்கும் பட்டுவிட்டால்? குற்றமில்லை என்கிறது சட்டம். பையன் இரண்டு தடவை வாசித்துப் பார்த்தான்.

எனக்கு இதில் பெரியதாகப் படுவது 102. ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் எழுந்த நிமிஷத்தில் தற்காப்பு உரிமை தொடங்கும்; அந்த அச்சம் இருக்கும் வரைக்கும்தான் இருக்கும். அடிபட்டவன் உடம்பில் இருக்கிற காயத்தை ஸ்கேல் வைத்து அளக்கலாம். அடித்தவள் மனசில் இருந்த அச்சத்தை எதை வைத்து அளப்பது? பொன் தராசில் நிறுக்கக் கூடாது என்று மேல்கோர்ட்டுகள் சொல்லிக்கொண்டேதான் இருக்கின்றன. கீழே நிறுத்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

"வள்ளுவர் இதையும் ஒத்துக்க மாட்டார் அண்ணாச்சி" என்றான் பையன். 'தன்னுயிர் நீப்பினும் செய்யற்க தான்பிறிது இன்னுயிர் நீக்கும் வினை.' உன் உயிரே போனாலும் இன்னொரு உயிரை எடுக்காதே. அது துறவறவியலில் வருகிற குறள், துறவிக்குச் சொன்னது, குடும்பம் நடத்துகிறவளுக்கு இல்லை என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, குறளில் அப்படி ஒரு ஷரத்து எழுதியா இருக்கிறது?

பிப்ரவரி 8, சனி

ஆபீஸுக்கு வந்திருந்தாள். கூடவே மகள், பிளஸ் டூ படிக்கிறாள். வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் கீழே விழுந்துட்டான். சரி. அப்புறம் ஏன் அடிச்ச?" என்று கேட்டார் சீனியர்.

"எந்திரிச்சிருவான்னு பயந்துட்டேன்யா."

ஸ்டேஷனில் சொன்னதும் ஜாமீன் மனுவில் எழுதியதும் இதேதான். சீனியர் தலையாட்டிவிட்டு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் கையெழுத்து வாங்க வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். பேனாவை வாங்கினவள் கையெழுத்துப் போடாமல் அப்படியே வைத்திருந்தாள்.

"அண்ணாச்சி, ரெண்டாவது அடியிலேயே அருவா அவன் கைய விட்டுப் போயிட்டு. குப்புறக் கெடந்தான். நிமிந்து பாத்தா எம் புள்ள வாசல்ல நிக்கா. அவள இவன் பேசின பேச்சு, எம் வீட்டுக்காரர் சாவுல வந்து நின்னு கேட்ட பங்கு, எல்லாம் ஒண்ணா வந்துச்சு. மூணாவது அடிக்கயில எனக்குப் பயம் இல்ல."

சொல்லிவிட்டு, புள்ளி வைத்த இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் சீனியரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வே, அத நீரும் கேக்கல, நானும் கேக்கல" என்றார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் கறி வாங்கப் போன இடத்தில், டிசம்பர் சம்பவத்தைப் பற்றிப் பேச்சு. 2024 டிசம்பர் 20. எங்கள் கோர்ட் வாசலிலேயே ஒருவரை விரட்டி வெட்டிக் கொன்றார்கள். முந்தைய ஒரு கொலைக்குப் பழி. ஹைகோர்ட் தானாகவே வழக்காக எடுத்தது. கறிக்கடைக்காரர், "அவன் பக்கம் பாத்தா அவனுக்கு நியாயம் இருக்கும்லா" என்றார். இந்த ஊரில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் யாரும் கிடையாது.

எங்கள் வீட்டிலும் ஒரு கணக்கு இருந்தது. 1986. மடை திறக்கிற தகராறில் சித்தப்பாவை வெட்டிவிட்டார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அப்பாவின் கூட்டாளிகள் ராத்திரிகளில் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஆச்சி யாரிடமும் எதுவும் பேசவில்லை. கம்மலை அடகு வைத்து டிக்கெட் எடுத்து அப்பாவைப் பம்பாய்க்கு ரயிலேற்றிவிட்டாள். தாராவியில் தலைச்சுமையாக இட்லி விற்றார். ஆறு வருஷம் ஊர்ப் பக்கம் வரவில்லை, கோயில் கொடைக்குக்கூட. "தம்பியக் குடுத்துட்டு இட்லி அவிக்கப் போயிட்டான்" என்று என் காதுபடவே பேசினார்கள். ஆச்சிக்கு அகிம்சை, தர்மம் என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. "ஒருத்தன் சுடுகாட்டுக்குப் போயாச்சி, இன்னொருத்தன ஜெயிலுக்கு அனுப்பவா?" அவ்வளவுதான் அவள் சொன்னது.

வழக்கில் எதிரிகள் எல்லாருக்கும் விடுதலை. முதல் எதிரி சர்க்கரை வியாதியில் காலை எடுத்து, 2009-ல் படுத்த படுக்கையாகவே போனான். அப்பாவுக்கு நான்தான் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் கும்பிடுகிற சாமிகளில் பாதி, வெட்டுப்பட்டோ விழுந்தோ செத்தவர்கள்தான். நீலி கதையைப் பாருங்கள். தன்னைக் கொன்ற புருஷனைத் தேடி அடுத்த பிறவியில் கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறாள். அவள் கண்ணீரை நம்பிய எழுபது வேளாளர்கள், அவனுக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிர் பிணை என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ராத்திரி அவள் அவனைக் கொன்றுவிடுகிறாள். விடிந்ததும் எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். அவளுக்கு வர வேண்டிய பாக்கி ஒரு உயிர். சின்ன வயதில் கேட்டபோது நீலி மேல்தான் எனக்குப் பரிதாபம். இப்போது அந்த எழுபது வீடுகளில் அன்றைக்கு யார் அடுப்பு மூட்டியிருப்பார்கள் என்றுதான் யோசிக்கிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

வாய்தா தள்ளிப்போனது. மத்தியானம் பையனுக்கு நானாவதி வழக்கைச் சொன்னேன். 1959 ஏப்ரல் 27, பம்பாய். பிரேம் அஹூஜாவோடு தனக்கு இருந்த தொடர்பை மனைவி சொன்னதும் கடற்படை அதிகாரி நானாவதி அவளையும் பிள்ளைகளையும் சினிமா தியேட்டரில் இறக்கிவிட்டு, கப்பலுக்குப் போய் ரிவால்வரும் ஆறு தோட்டாவும் வாங்கிக்கொண்டு அஹூஜாவின் வீட்டுக்குப் போய் அவரைச் சுட்டுக் கொன்றார். ஜூரி 8-க்கு 1 என்று குற்றவாளி இல்லை என்றது. ஹைகோர்ட் அதை ஏற்கவில்லை. 1961-ல் சுப்ரீம் கோர்ட் மணியைத்தான் பார்த்தது: வீட்டை விட்டுக் கிளம்பியது 1.30, கொலை நடந்தது 4.20. கோபம் ஆற அது போதுமான நேரம். திடீர் ஆத்திரம் இல்லை, கொலைதான், ஆயுள் தண்டனை. 1964-ல் மன்னிப்பில் வெளியே வந்தார்.

"அங்கே மூணு மணி நேரம். நம்ம அம்மாவுக்கு மூணு செகண்டு இருக்குமா?" என்று கேட்டான் பையன். நல்ல வக்கீலாக வருவான்.

எனக்குத் தோன்றுவது இதுதான். முதல் அடிக்கு அவள் யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. இரண்டாவதுக்கும்தான். மூன்றாவது, என் ஆச்சி ரயிலேற்றி அனுப்பிய அதே சமாச்சாரம். அதைச் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அப்பாவுக்கு ஒரு ரயில் இருந்தது. அடுக்களையில் இவளுக்கு என்ன இருந்தது?

வீட்டுக்குப் போகும்போது ஆஷ் துரை ஞாபகம். 1911-ல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் சுட்ட கலெக்டர். கல்லறை இங்கே பாளையங்கோட்டையில்தான் இருக்கிறது. வ.உ.சி.க்காகப் பழி வாங்கினார் என்றுதான் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறேன். சட்டைப் பையில் இருந்த கடிதத்தில் வ.உ.சி. பெயரே இல்லை, சனாதன தர்மம், ஐந்தாம் ஜார்ஜ் என்று போகிறது. செத்தவன் கணக்கில் எதை எழுதுவது என்பதைப் பிறகு வருகிறவர்கள்தான் முடிவு செய்கிறார்கள் போலிருக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

313 விசாரணைக்கு (சாட்சியங்களைப் பற்றி எதிரியிடமே நீதிபதி கேட்பது) எழுத்து மூலமாக வாக்குமூலம் தாக்கல் செய்கிறோம். சீனியர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். "அவர் மீண்டும் எழுந்து என்னையும் என் மகளையும் வெட்டிவிடுவார் என்ற அச்சத்தில்..." இந்த இடத்தில் என் கை நின்றது. சீனியர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

உள்ளதைச் சொன்னால்தான் என்ன என்று கேட்டேன். 300-ன் இரண்டாவது விதிவிலக்கு இருக்கிறதே, தற்காப்பில் வரம்பு மீறினால் கொலை இல்லை, 304 முதல் பகுதிதானே. "அதுக்கும் பத்து வருசம் வரைக்கும் போடலாம் வே. ஆயுளும் போடலாம். அந்தப் பிள்ள எங்க போகும்?" என்றார். அப்புறம், 2012-ல் மதுரையில் மகளைக் கெடுக்கப் பார்த்த புருஷனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற பெண்ணைத் தற்காப்பு என்று போலீஸே விட்டுவிட்டதே, அதைச் சொன்னார். "அங்க எத்தன அடின்னு யாராவது எண்ணினாங்களா?"

டைப் அடித்தேன். "அச்சத்தில்" என்ற சொல் ஒரு பக்கத்தில் நாலு தடவை வந்திருந்தது. ஒன்றை எடுத்துவிட்டேன். மூன்றுதான் நம்புகிற மாதிரி இருந்தது.

பிப்ரவரி 28, வெள்ளி

கூண்டில் நின்றாள். சாட்சிகள் சொன்னதை ஒவ்வொன்றாக வாசித்து, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார் நீதிபதி. "பொய்." "பொய்." டாக்டர் சாட்சியத்துக்கு மட்டும் "தெரியாது." கடைசியில், வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள். சீனியரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் கட்டுக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"எழுதிக் குடுத்துருக்கேன்யா" என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

விடுதலை. கையிலிருந்த காயத்தை அரசுத் தரப்பு விளக்கவில்லை, அச்சம் நியாயமானது, அந்த நிலையில் இருந்த ஒரு பெண் அடிகளை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. சீனியர் எல்லாருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். மகள் அழுதாள். அவள் அழவில்லை.

பஸ் ஸ்டாப் வரைக்கும் நான்தான் கூடப் போனேன். தீர்ப்பின் கடைசி வரியில் ஏதோ பொருள் பற்றி வாசித்தார்களே, அது என்ன என்று கேட்டாள். சான்றுப் பொருள், எம்.ஓ.1 அரிவாள், எம்.ஓ.2 குழவி, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அழித்துவிடச் சொல்லி உத்தரவு என்றேன்.

"எங்கம்மா சீதனமாத் தந்தது. அம்மி மட்டும் வீட்டுல கெடக்கு." கொஞ்சம் யோசித்தாள். "அது கல்லுல்லா அண்ணாச்சி. அத எப்படி அழிப்பாங்க?"

எங்கேயாவது குழி தோண்டிப் போட்டுவிடுவார்கள் என்றேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.