டார்வினும் ஒரு கப்பு சேறும்

டார்வின்னாலே எல்லாரும் காலாபாகஸ் தீவு, குருவி மூக்குன்னு சொல்லி முடிச்சிடுறாங்க. பீகிள் கப்பல்ல 1831ல கிளம்பி 1836 வரைக்கும் சுத்துனாரு சரிதான், ஆனா அந்தத் தீவுகள்ல இருந்தது என்னமோ அஞ்சு வாரம்தான், அதுலயும் எந்தக் குருவிய எந்தத் தீவுல பிடிச்சோம்னு ஒழுங்கா குறிச்சுகூட வைக்கல மனுஷன். லண்டன்ல 1837ல ஜான் கூல்ட்ங்கிற பறவை நிபுணர் பாத்துட்டு, மூக்கு எப்படி இருந்தாலும் எல்லாம் ஒரே கூட்டத்து பின்ச், ஆனா தனித்தனி இனம்னு சொன்னப்புறம்தான் விஷயமே சூடு பிடிக்குது.

எனக்குப் பிடிச்சது அதுக்கப்புறம் வீட்ல உக்காந்து நோண்டிக்கிட்டிருந்த டார்வினத்தான். ஒரு இனம் ஒரு இடத்துல உருவாகித்தான் மத்த இடத்துக்குப் பரவுதுன்னா, நடுக்கடல் தீவுக்குச் செடி எப்படிய்யா போச்சுன்னு கேப்பாங்கல்ல? 1855ல பாட்டில் பாட்டிலா உப்புத் தண்ணியில விதைய ஊறப்போட்டாரு. அவரோட சிநேகிதர் ஹூக்கர் பெரிய தாவர நிபுணர், இதெல்லாம் செத்துப்போயிடும்னு நெனச்சாரு. வீட்டுப் பிள்ளைங்களோ ஹூக்கர ஜெயிச்சிடுவீங்களான்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சுங்களாம். 87 வகையில 64 வகை, 28 நாள் ஊறியும் முளைச்சிருச்சு! ஆனா பாதி சந்தோஷம்தான், ஏன்னா முக்காவாசி விதை முங்கிடுது, மிதந்தாதானே கரை சேரும். மனுஷன் விடல, செடியக் காயவச்சு அப்படியே போட்டுப் பாத்தாரு, காஞ்ச அஸ்பராகஸ் 85 நாள் மிதந்துச்சு, அதுக்கப்புறமும் அதோட விதை முளைச்சுது.

அடுத்தது சேறு, பறவை கால்ல ஒட்டுற சேத்தோட விதையும் ஊர்விட்டு ஊர் போகுமான்னு பாக்கத்தான். ஒரு சின்னக் குளத்தோரமா மூணு ஸ்பூன் சேறு, பெரிய ஸ்பூன்தான், அள்ளிட்டு வந்து வீட்டுக்குள்ள மூடிவச்சு, முளைக்க முளைக்கப் பிடுங்கி எண்ணிக்கிட்டே இருந்தாரு. ஆறு மாசத்துல 537 செடி! மொத்தச் சேறும் ஒரு கப்புக்குள்ள அடங்கிடும். நம்ம சிவகங்கைப் பக்கத்து வேட்டங்குடிப்பட்டி சரணாலயத்துக்கு வர்ற நாரைங்க கண்மாய் ஓரமா நின்னுட்டுப் பறக்குறப்போ கால்ல ஒட்டியிருக்குமே, அந்தச் சேத்தத்தான் சொல்றேன் (அதுங்களுக்காகத் தீபாவளிக்கு வெடிகூடப் போடாத ஊரு அது). வாத்துக் காலத் தண்ணித் தொட்டிக்குள்ள தொங்கவிட்டு, அப்பத்தான் பொரிச்ச நத்தைக் குஞ்சு அதுல ஏறுதான்னும் பாத்திருக்காரு. ஏறிச்சு, வெளிய எடுத்தப்புறமும் ஈரக் காத்துல 12லேர்ந்து 20 மணி நேரம் உயிரோட இருந்துச்சு. அவ்வளவு நேரத்துல ஒரு வாத்து எத்தன நூறு மைல் போயிடும்னு கணக்கும் போட்டு வச்சிருக்காரு. கிறுக்குத்தனம்தான், ஆனா எனக்கு இந்தக் கிறுக்குத்தான் பிடிச்சிருக்கு, கண்ணால பாக்காம எதையும் ஒத்துக்க மாட்டேங்குறாரு பாருங்க.

இதுக்கு நடுவுல 1858ல வாலஸ்ங்கிற இன்னொரு இயற்கை ஆய்வாளரோட கடுதாசி வந்துருச்சு, நம்ம ஊர்க்காரங்க கொண்டுவிக்கப் போன பினாங்கு சிங்கப்பூருக்கெல்லாம் இன்னும் கிழக்கால இருக்குற தீவுக்கூட்டத்துலேர்ந்து. அவரும் தனியா அலைஞ்சு, டார்வின் மனசுல இருந்த அதே இயற்கைத் தேர்வ, அதாவது சூழலுக்குத் தோதானது பிழைச்சுப் பெருகி இனமே மாறிப்போகுதுங்கிற யோசனைய, எழுதி அனுப்பியிருந்தாரு. இருபது வருஷமா பொத்திவச்சத இனி தள்ளிப்போட முடியாதுன்னு டார்வின் அவசர அவசரமா எழுதி 1859ல ‘உயிரினங்களின் தோற்றம்’ புத்தகம் வந்துச்சு, அந்தக் கப்புச் சேறு, வாத்துக் கால் எல்லாம் அதோட 12வது அத்தியாயத்துல இருக்கு.