ஒரு சொல் பிழைத்த நாட்கள்

ஜூலை 8, 2025, செவ்வாய்

இன்று பிழை விட்டேன். பதினொரு வருட மொழிபெயர்ப்பு வேலையில் எத்தனையோ தடவை தடுமாறியிருக்கிறேன். திகதியை மாற்றிச் சொல்லியிருக்கிறேன், ஊர்ப் பெயர் விளங்காமல் திரும்பக் கேட்டிருக்கிறேன். அதெல்லாம் பிழையே இல்லை. இதுதான் பிழை.

கொழும்பில் பொரளைப் பக்கம் ஒரு சின்ன மண்டபம். பிள்ளைகளைத் தேடும் தாய்மாரின் கூட்டம். தெற்கிலிருந்து வந்த அம்மாமார் ஒரு பக்கம், வன்னியிலிருந்து வந்தவர்கள் மறுபக்கம். கதிரைகளை வட்டமாகப் போட்டும் அவர்கள் இரண்டு பக்கமாகத்தான் உட்கார்ந்தார்கள். முல்லைத்தீவு அம்மா மைக்கை வாங்கவில்லை. மடியில் மகனின் படம். லாமினேட் செய்த படம், ஒரு மூலை பிரிந்திருந்தது. அந்த மூலையைப் பெருவிரலால் அமத்திக்கொண்டே சொன்னார்.

"வட்டுவாகல் பாலத்தடியில நானே கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய் ஆமியிட்ட ஒப்படைச்சனான். பதியிறம், விடுவம் எண்டவை. அதோட அவனைக் காணாமல் ஆக்கிட்டாங்கள்."

சொல்பவர் 'நான்' என்றால் நாங்களும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அதுதான் வேலை. என் மகன், என் கை, 2009 மே 18, எல்லாம் சிங்களத்தில் சரியாக வந்தது. கடைசிச் சொல்லில் 'அதுருதன் வுணா' என்று முடித்துவிட்டேன். காணாமல் போய்விட்டான் என்று.

அவர் என் முழங்கையைத் தொட்டார். முகாமிலும் நீதிமன்ற வாசலிலும் கேட்டுக் கேட்டுப் பழகிய சிங்களம் அவருக்கு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

"பிள்ளை, நீங்கள் சொன்னது பிழை. அவன் போகேல்லை."

திருத்திச் சொன்னேன். 'அதுருதன் கெருவா.' காணாமல் ஆக்கினார்கள் என்று. ஆனால் அதற்குள் குறிப்பெடுப்பவர் முதல் சொல்லை எழுதி முடித்திருந்தார்.

ஜூலை 9

நித்திரை இல்லை. வுணா. கெருவா.

ஜூலை 10, பௌர்ணமிப் போயா

லீவு. அம்மா காலையிலிருந்து செய்தி பார்க்கிறார். யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் இதுவரை 65 எலும்புக்கூடுகள். இன்றோடு கொஞ்ச நாள் தோண்டுவதை நிறுத்துகிறார்களாம். அங்கே எடுத்த நீலப் புத்தகப்பையை மறுபடியும் காட்டினார்கள். யுனிசெப் கொடுத்த பை. எங்கள் வகுப்பிலும் பாதிப் பேர் அதைத்தான் கொண்டு வருவார்கள். ஒரு தோள்பட்டி அறுந்தால் அம்மாமார் சாரிக்கரைத் துணியை வைத்துத் தைத்துக் கொடுப்பார்கள்.

அம்மா டீவிக்குக் கிட்டப் போய் நின்று கேட்டார்: "சேட்டுத் துணி ஏதும் எடுத்தவையாமோ? என்ன நிறமாம்?"

அப்பா கொழும்பில். 2008இல். செம்மணி தொண்ணூறுகளில். இது அம்மாவுக்கும் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 14, திங்கள்

ஏன் அந்தச் சொல் வந்தது என்று யோசித்துக்கொண்டே 100ஆம் நம்பர் பஸ்ஸில் இறங்குமிடத்தை விட்டு பம்பலப்பிட்டி வரை போய்விட்டேன்.

வாய்ப் பழக்கம்தான். வருடக்கணக்காகக் கைக்கு வரும் கடதாசி எல்லாவற்றிலும் 'போன'தான். 2016இன் 14ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான அலுவலகத்தின் பெயரிலேயே காணாமற்போன ஆட்கள். 2018இன் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தபோதுதான் 'வலிந்து காணாமல் ஆக்கப்படுதல்' சட்டப் புத்தகத்துக்குள் ஏறியது. அந்த 'ஆக்க' என்ற மூன்று எழுத்துக்காக எத்தனை அம்மாமார் எத்தனை கூட்டத்தில் எழும்பி நின்று மறித்திருக்கிறார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்ததே நான்தான். எனக்கு இது நடந்திருக்கக் கூடாது.

மற்றப் பக்கத்தையும் யோசிக்கிறேன். சர்வதேச செஞ்சிலுவைக் குழு 1989இலிருந்து இங்கே இருக்கிறது. அவர்களிடம் குடும்பங்கள் பதிந்த பெயர்கள் 16,000க்கு மேல். அதில் 5,000க்கு மேற்பட்டவை படையினரும் பொலிசாரும். சண்டையில் போய்த் திரும்பாத ஆமிக்காரனின் தாயும், பாலத்தடியில் ஒப்படைத்த தாயும் ஒரே பட்டியலில் வர வேண்டுமானால் ஒரு பொதுச்சொல் வேண்டும். 'காணாமல் போன' அப்படியான சொல். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அன்றைக்குக் கூட்டத்தில் குருநாகலில் இருந்து வந்த ஆமிக்காரனின் அம்மாவும் இருந்தார். அவர் அழுதபோது முல்லைத்தீவு அம்மாதான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினார்.

ஆனால் பட்டியலுக்கு வேண்டிய சொல் வேறு, ஒரு தாயின் வாயிலிருந்து வரும் சொல் வேறு. அந்த நேரம் நான் பட்டியல் இல்லை. அவருடைய வாய்.

எங்கள் வீட்டில் இரண்டு சொல்லும் இல்லை. யாராவது கேட்டால் "அவர் வெளியில" என்பார் அம்மா. வெளிநாட்டில் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஜூலை 17

கடிதம் வந்தது. நிதி நின்றுவிட்டது, ஓகஸ்ட் 31உடன் வேலை முடிகிறது. ஓகஸ்ட் 12 கூட்டம் நடக்குமாம். அது போதும். அன்றைக்கு அவர் வந்தால் முழுக்கூட்டத்துக்கும் முன்னால் அந்த வசனத்தைத் திரும்பச் சொல்வேன்.

ஜூலை 23, புதன்

83 ஜூலைக் கலவரத்துக்கு 42 வருடம். மேல்மாடி அங்கிள் ஒவ்வொரு வருடமும் இன்றைக்குக் கீழே வந்து தேத்தண்ணி குடிப்பார். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் மூன்று நாள் அறைக்குள் வைத்துக் கதவைப் பூட்டியது, பிறகு இந்துக் கல்லூரி முகாம், பிறகு 'லங்கா கல்யாணி' கப்பல். கதை எனக்குப் பாடம். இன்று புதிதாக ஒன்று சொன்னார்: "எல்லாரும் ஊருக்குப் போறம் எண்டு சொல்லிச்சினம். நான் பிறந்தது வெள்ளவத்தை. காங்கேசன்துறையில இறங்கின அன்றைக்குத்தான் யாழ்ப்பாணத்தை முதன்முதலாப் பார்த்தனான்."

அந்தப் பக்கத்து வீட்டு அம்மா போன வருடம் காலமாகிவிட்டார். அங்கிள் மூன்று நாளும் அங்கேதான் இருந்தாராம்.

ஜூலை 24, ஆடி அமாவாசை

அப்பா இல்லாதவர்கள் பிடிக்கும் விரதம். நான் பிடிப்பதில்லை. பிடித்தால் அப்பா இல்லை என்றாகிவிடும். பதினேழு வருடமாக இந்த நாளில் எங்கள் வீட்டில் சாதாரண சோறு, சாதாரண கறி. சில வருடம் வேண்டுமென்றே மீன்.

காலை சந்தைக்குப் போனோம். யாழ்ப்பாண பஸ்ஸில் வந்த காத்தோட்டிக்காய், ஈரச் சாக்கின் மேல் கூறு கூறாக வைத்திருந்தார்கள். சின்னக் காய், கடும் பச்சை, காம்பு இன்னும் காயவில்லை. அந்தக் கைப்பு இல்லாமல் இன்றைக்கு விரதச் சாப்பாடு இல்லை. கூட்டம் நெரிந்தது. அம்மா ஒவ்வொரு வருடமும் அந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்.

இன்று நின்றார். ஒரு காயை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினார். விலை கேட்டார். விற்பவர் சொன்னார், "கடைசிக் கூறு அம்மா, எடுங்கோ, வீட்டில ஆருக்கு விரதம்?"

அம்மா காயைத் திரும்ப வைத்துவிட்டார். காம்பு மற்றக் காய்களின் காம்போடு ஒரு பக்கமாக இருக்கும்படி திருப்பி வைத்தார். பிறகு அடுத்த கடையில் பாவக்காய் வாங்கினார். கால் கிலோ. கைப்புத்தான் அதுவும்.

வரும் வழியில் ஒரு வார்த்தை இல்லை. ரயில் போகும்வரை கடற்கரைப் பக்கம் நின்றோம்.

அப்பா கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் இருந்தார். 2007 ஜூன் 7, லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. அன்று அப்பா இரவு வேலையில். தப்பிவிட்டேன் என்று போன் எடுத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அவரை பஸ்ஸில் ஏற்றியிருந்தால் வவுனியாவில் இறங்கியிருப்பார்.

ஜூலை 29

செம்மணியில் 100ஐத் தாண்டிவிட்டது. அம்மா செய்தியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். பத்து நிமிடத்தில் தானே போட்டார்.

ஓகஸ்ட் 2, சனி

மாத்தறை அம்மாவுக்கு போன் எடுத்தேன். 8ஆம் திகதிக் கூட்டத்தில் என் நம்பரை வாங்கியிருந்தார். மகன் 1989இல், தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில். பள்ளிக்கூடச் சீருடையில் இருந்த பையன்.

எண்பதுகளில் வடக்கில் நடந்ததை அவரிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் 1984இலேயே அன்னையர் முன்னணி இருந்தது என்று. அவருக்கு ஆச்சரியம். மாத்தறையில் அதே பெயரில் 1990இல் தாங்கள் தொடங்கியபோது நாங்கள்தான் முதல் என்று நினைத்திருந்தாராம். ஆறு வருட இடைவெளி, ஒரே பெயர். நடுவில் ஒருவருக்கொருவர் சொல்ல ஆளில்லை. என்னைப் போல ஒருவர் அன்றைக்கு இருந்திருந்தால் என்று நினைத்தேன்.

கடைசியில் கேட்டேன். அன்றைக்கு நான் பிழையாகச் சொன்ன இடத்தில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் அம்மே?

யோசிக்கவே இல்லை. "புதா கியே நே துவே. கெனிச்சா."

மகன் போகவில்லை மகளே. கொண்டுபோனார்கள்.

சட்டச் சொல் இல்லை, அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. அடுப்படியில் பேசும் சொல். கெனிச்சா. நான் பதினொரு வருடமாகச் சட்டத்திலும் அறிக்கையிலும் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

செம்மணியில் எடுத்த பொருட்களைச் சனம் வந்து பார்க்க நீதிமன்றம் விட்டிருக்கிறது. உடுப்புகள், பை, பொம்மை. யாராவது அடையாளம் காட்டினால்.

அலுவலகத்தில் அந்தப் பட்டியலைச் சிங்களத்துக்கு மாற்றித் தரச் சொன்னார்கள். உடுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எழுதிக்கொண்டு போனேன். பொம்மையில் நின்றுவிட்டேன். சிங்களத்தில் 'போனிக்கா'. நல்ல சொல், சின்னப் பிள்ளை வாயில் வருகிற மாதிரி. எழுத அரை மணித்தியாலம் எடுத்தது.

ஓகஸ்ட் 6

அம்மா கேட்டார்: "ஆராவது அடையாளம் காட்டினவையோ?"

ஓகஸ்ட் 11, திங்கள்

நாளைக் கூட்டம் இல்லை. மண்டபத்துக்கும் பஸ்ஸுக்கும் காசில்லையாம். நான்கு வரி மின்னஞ்சல், ஆங்கிலத்தில் மட்டும். எட்டுப் பேர் வன்னியிலிருந்து வர ஆயத்தமாகியிருப்பார்கள், இரண்டு பேர் ஆட்டை விற்றுக்கூட வழிச்செலவு எடுத்திருப்பார்கள், அவர்களுக்கு யார் சொல்வது? நான் சொல்கிறேன் என்றேன். ஒவ்வொருவராக எடுத்தேன். ஏழு பேர் "பரவாயில்லை பிள்ளை" என்றார்கள். அந்தப் பரவாயில்லையைத் தாங்க முடியவில்லை. முல்லைத்தீவு அம்மாவின் போன் ஓஃப்.

ஓகஸ்ட் 14

ஓஃப்.

ஓகஸ்ட் 16

ஓஃப். அவருக்கு சீனி வருத்தம் இருக்கிறது. பக்கத்து வீட்டு நம்பர் வாங்கி வைக்கவில்லை.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

அவரே எடுத்தார்! போன் கிணற்றடியில் விழுந்து, திருத்தக் கொடுத்திருந்தாராம். கூட்டம் இல்லை என்பதை ஆரோ சொல்லிவிட்டார்களாம்.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். முடிக்க விடவில்லை. 2017 மார்ச்சில் முல்லைத்தீவில் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து கொட்டகைக்குப் போகிறார். கொட்டகையில் தன்னோடு உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் பிள்ளை வராமலே செத்துப்போனார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னார். நான் ஒரு பெயரையும் எழுதவில்லை, எழுதாமல் கேட்டேன். பிறகு:

"பிள்ளை, உங்கட வேலை முடியுதாமே. இனி ஆர் சொல்லுவினம்? எனக்கு அந்தச் சொல்லைச் சொல்லித் தாங்கோ. நானே சொல்லுறன்."

கெருவாவைச் சொல்லவில்லை. மாத்தறை அம்மா சொன்னதைச் சொல்லிக் கொடுத்தேன். புதா கியே நே. கெனிச்சா. அவருக்கு 'கெனிச்சா' உடனே வந்தது. 'கியே நே'யில் நாக்குத் தடக்கியது. 'கீய நே' என்றார். திரும்ப. 'கியே.' பின்னால் கோழி கத்திக்கொண்டிருந்தது. ஆறாவது தடவை முழுக்க வந்தது. அதற்குப் பிறகும் இரண்டு தடவை தனக்குத்தானே சொன்னார், என்னோடு கதைப்பதை மறந்து.

நான் போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அம்மா குசினி வாசலில் நிற்கிறார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. கையில் அகப்பை.

ஓகஸ்ட் 23

இரவு அம்மாவின் அறையில் சத்தம். மெல்லிய குரல். ஜெபம் என்று நினைத்தேன். கதவடியில் நின்றேன்.

கெனிச்சா.

ஓகஸ்ட் 28, வியாழன்

மேசையைக் காலி செய்தேன். பதினொரு வருடச் சொற்பட்டியல், நான்கு கொப்பி. மூன்றை அலுவலகத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அலுமாரி திறந்து கிடக்கிறது. பழைய ரின் பால்மாப் பேணி கட்டிலில். அதற்குள் இருந்த அப்பாவின் அடையாள அட்டைப் படத்தை வெளியே எடுத்து வைத்திருக்கிறார். இவ்வளவு காலமும் அதைப் பெரிதாக்கக் கேட்டால் திட்டுவார். பெரிதாக்கிச் சட்டம் போட்டால் மாலையும் போட வேண்டிவரும் என்பார்.

"ஸ்டூடியோவில இதைப் பெரிசாக்கி லாமினேட் செய்து தருவினமோ? சட்டம் வேண்டாம். கையில பிடிக்கிற மாதிரி."

தருவார்கள் என்றேன். எவ்வளவு எடுப்பார்கள் என்று கேட்டார். நாளைக்குப் போய்க் கேட்க வேண்டும். கடை ஒன்பதரைக்குத் திறக்கும்.