அப்பாவுக்குப் பிடித்த மாதிரி ஒரு கப்பல்

வருகிற செப்டம்பரில் அம்மாவையும் அப்பாவையும் நார்வேக்குக் கூட்டிப் போகிறேன். பெர்கனில் கப்பலேறி, கரையை ஒட்டியே வடக்கே போய், ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கிர்க்கெனஸ் வரை சென்று, அதே கப்பலில் திரும்புவதாகத் திட்டம். மொத்தம் 12 நாள்.

டிராவல் ஏஜென்ட் முதலில் காட்டியவை எல்லாம் நீச்சல் குளமும் நாடக அரங்கும் உள்ள பெரிய சொகுசுக் கப்பல்கள். அப்பா மரியாதைக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். தூத்துக்குடி துறைமுகத்தில் ஏறி இறங்கும் சரக்கை எண்ணிக் கணக்கு வைக்கும் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கப்பல் என்றால் சரக்கு ஏற வேண்டும், இறங்க வேண்டும். "இதுல என்னம்மா இறக்குவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

அப்புறம்தான் ஹுர்டிக்ரூட்டன் பற்றித் தேடிப் படித்தேன். 1893-ல் ரிச்சர்ட் வித் என்ற கேப்டன் தொடங்கிய அஞ்சல் கப்பல் தடம் அது. அதற்கு முன்பு குளிர்காலத்தில் வடக்கே ஒரு கடிதம் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். இருட்டில் அந்தப் பாறைகளுக்கு நடுவே கப்பல் விட யாரும் துணியவில்லை. வித்தும் ஆண்டர்ஸ் ஹோல்டே என்ற வழிகாட்டி மாலுமியும் திசை, வேகம், நேரம் மூன்றையும் குறிப்பெடுத்து வைத்து, திசைகாட்டியையும் கடிகாரத்தையும் நம்பி இரவிலும் ஓட்டிக் காட்டினார்கள். இதைப் படித்துச் சொன்னபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இன்றும் இந்தக் கப்பல்கள் உள்ளூர் மக்களையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு 34 துறைமுகங்களில் நிற்கின்றன. 2021 முதல் ஹவிலா என்ற இன்னொரு நிறுவனமும் இதே தடத்தில் ஓட்டுகிறது. சில ஊர்களில் கால் மணி நேரம்தான் நிறுத்தம். பக்கவாட்டுக் கதவு திறக்கும், ஃபோர்க்லிஃப்ட் உள்ளே வெளியே ஓடும், மறுபடி கிளம்பிவிடும். நடுராத்திரி இந்தச் சத்தத்தில் தூக்கம் கெடுகிறது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அப்பாவோ அதற்காகவே அலாரம் வைத்து எழுந்திருப்பார்.

ஒரு வழி மட்டும் போய்விட்டுக் கிர்க்கெனஸிலிருந்து விமானத்தில் திரும்பலாம், செலவும் குறையும். ஆனால் நேர அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மனம் மாறியது. போகும்போது இரவில் தாண்டுகிற இடங்கள் பலவும் திரும்பும்போது பகலில் வருகின்றன. ஹாம்மர்ஃபெஸ்டுக்குப் போகும்போது விடியற்காலை, வரும்போது நண்பகல். ஸ்டோக்மார்க்னஸுக்குப் போகும்போது நள்ளிரவு தாண்டிவிடும், வரும்போது பகல். அங்கேதான் 1956-ல் கட்டிய பழைய கப்பல் ஒன்றைக் கரையேற்றி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், விடுமுறை கிடைக்கிறவர்கள் இரண்டு வழியும் போவதே சரி.

எந்த மாதம் என்பதில்தான் வீட்டில் நிறைய பேச்சு. ஜூன், ஜூலையில் போனால் நார்வேயின் வடகோடிப் பாறை முனையான நார்த் கேப் பக்கம் சூரியன் மறையவே மறையாது, ஆனால் இரவு வானத்தில் தோன்றும் வடக்கு ஒளி (அரோரா) தெரியாது. அம்மாவுக்கு அந்தப் பச்சை ஒளியைப் பார்க்க வேண்டும். நடுக்குளிர்காலத்தை அப்பாவின் மூட்டு வலி தாங்காது. செப்டம்பரில் இரவு நன்றாக இருட்டிவிடும், குளிரும் அவ்வளவு இருக்காது. ஃபியோர்டு என்றால் மலைகளுக்கு நடுவே உள்ளே நுழையும் குறுகலான கடல். கோடையில் கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள் போகிற கப்பல், செப்டம்பர், அக்டோபரில் கூட்டம் குறைந்த யோருண்ட் ஃபியோர்டுக்குள் போகும். எனக்கு இதுதான் கூடுதல் ஆசை.

அதிலும் மாதத் தொடக்கத்திலேயே போகிறோம். 17-ம் தேதி வாக்கில் புரட்டாசி பிறந்துவிட்டால் அம்மா மீனைத் தொடமாட்டார். காட் மீனும் சால்மனும் கிடைக்கிற ஊருக்குப் போய் ரொட்டியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டு வருவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆவணி முடிவதற்குள் திரும்பிவிடலாம்.

கரையோரம் என்றாலும் கடல் எப்போதும் அமைதியாக இருக்காது. பெரும்பாலும் தீவுகளின் மறைவில்தான் தடம் போகிறது, ஆனால் ஸ்டாட் முனை, ஹுஸ்டட்விகா, லோஃபோட்டன் தீவுகளுக்கு முன்னால் வரும் வெஸ்ட் ஃபியோர்டு, ஹோனிங்ஸ்வோக்குக்குக் கிழக்கே பேரன்ட்ஸ் கடல் எல்லாம் திறந்த வெளி. அம்மாவுக்குப் பேருந்திலேயே தலைசுற்றும். அதனால் ஆட்டம் குறைவாகத் தெரியும் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேட்டிருக்கிறேன். மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த வடகோடியில், ஃபின்மார்க் கரையின் மீன் ஆலைகளில், 1980-களிலிருந்து ஈழத் தமிழர்கள் வேலை பார்த்திருக்கிறார்கள். இதைச் சொன்னதிலிருந்து அப்பா வரைபடத்தில் ஒவ்வொரு ஊராகத் தேடிக்கொண்டிருக்கிறார். அந்தக் கரையில் இருக்கும் வார்டோ என்ற ஊரில் கப்பல் கொஞ்ச நேரம்தான் நிற்கும் என்பதில் அவருக்கு வருத்தம்.

இனி ஷெங்கன் விசா வேலை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். வயதானவர்களுக்கு பிரீமியம் கூடுதல் என்பதால் இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்கிறேன். ஹோனிங்ஸ்வோக்கில் இறங்கி நார்த் கேப்புக்குப் பேருந்தில் போவதற்கு மட்டும் இன்னும் பதிவு செய்யவில்லை. அம்மாவும் நானும் போவது உறுதி. அப்பா, சரக்கு இறக்குவதைப் பார்த்துக்கொண்டு துறைமுகத்திலேயே இருந்துகொள்கிறேன் என்கிறார்.