சர்க்குலரில் வராத செய்திகள்

போன மாதம் ஒரு நாள் காலையில் இயற்பியல் லேப் பக்கமாக நடந்து போனபோது ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. நான் கணிதத் துறை. அந்த லேப்புக்கு அடுத்த அறையில்தான் ஒன்பது வருடமாக எனக்கு முதல் வகுப்பு. தினமும் போகிறபோது அந்த ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் தெரியும். சோடியம் விளக்கு. அதைப் போட்டவுடன் மஞ்சள் வராது, முதலில் ஒரு இளஞ்சிவப்பாக மினுக்கிக்கொண்டு இருக்கும், முழுசாக மஞ்சளாவதற்குப் பத்து நிமிடம் போலப் பிடிக்கும். அதனால் லேப் அசிஸ்டென்ட் சார் மாணவர்கள் வருவதற்கு முன்பே வந்து விளக்கைப் போட்டுவிடுவார். அன்றைக்கு மாணவர்கள் ஸ்பெக்ட்ரோமீட்டர் முன்னால் உட்கார்ந்து காத்திருந்தார்கள், விளக்கு அப்போதுதான் சிவப்பில் இருந்தது.

உள்ளே எட்டிப் பார்த்தால் புதுப் பையன் ஒருவர். "சார் லீவா?" என்று கேட்டேன். "அவர் ரிட்டயர் ஆகி ரெண்டு வாரம் ஆச்சுங்களே மேடம்" என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என்னுடைய புரொஜெக்டர் மக்கர் பண்ணும்போதெல்லாம் கூப்பிட்டது அவரைத்தான், தேர்வு நாளில் கடிகாரம் நின்றுபோனால் பேட்டரி கொண்டுவந்து போட்டது அவர்தான். அவர் வேலையை விட்டுப் போனது எனக்குத் தெரியாது! நான் மட்டும் என்றில்லை, ஸ்டாஃப் ரூமில் வந்து கேட்டால் ஏழு பேரில் ஐந்து பேருக்குத் தெரியாது. மீதி இரண்டு பேரில் ஒருவர் தெரியும் என்று சும்மா தலையாட்டினார் என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

இத்தனைக்கும் எங்களுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அவர் ஓய்வுபெற்ற அன்றைக்கு அதில் என்ன வந்தது என்று போய்ப் பார்த்தேன். பூக்கள் படத்தோடு காலை வணக்கங்கள், ஒரு கருத்தரங்க பிரசுரம், அதே பிரசுரம் இன்னொருவரிடமிருந்து, இன்டர்னல் மார்க்கை ஐந்து மணிக்குள் ஏற்ற வேண்டும் என்று ஒரு அறிவிப்பு, அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைகள். அவ்வளவுதான். ஏனென்றால் அந்தக் குழு ஆசிரியர்களுக்கானது. ஆபீஸ்காரர்களும் லேப்காரர்களும் அதில் கிடையாது. குழு ஆரம்பித்தபோது ஏன் அவர்களையும் சேர்க்கவில்லை என்று கேட்டதற்கு "இடம் பத்தாது மேடம்" என்றார்கள். அது 2016, அப்போது ஒரு குழுவில் 256 பேர்தான் சேர முடியும், சரி, ஒத்துக்கொள்கிறேன். 2022 முடிவதற்குள் அந்த வரம்பு 1024 ஆகிவிட்டது. இடம் வந்துவிட்டது, அவர்கள் வரவில்லை. இதை நான் கேட்டபோது எல்லோரும் ஃபோனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

முன்பெல்லாம் சர்க்குலர் நோட்டு என்று ஒன்று இருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் பார்த்திருக்கமாட்டார்கள். நீள நோட்டு, அட்டை மூலையெல்லாம் மடங்கி, பேனா ஒன்று நூலில் கட்டித் தொங்கும், அந்தப் பேனா எப்போதும் எழுதாது. அட்டெண்டர் அதைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக வருவார், நாம் படித்தோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். போடுகிற அந்த அரை நிமிடத்தில் அவர் நின்றுகொண்டே சொல்வார், "மேடம், லைப்ரரி சாருக்குக் கண் ஆபரேஷன், தெரியுமா?" அல்லது "ஆபீஸ்ல அந்தத் தங்கச்சிக்கு வரன் அமைஞ்சிருச்சாம்." நோட்டில் இருந்த சர்க்குலர் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை. அவர் சொன்னது எல்லாம் ஞாபகமிருக்கிறது. இப்போது சர்க்குலர் பி.டி.எஃப். ஆக வருகிறது, காகிதம் மிச்சம், வேகம், நல்லதுதான், ஆனால் அவர் எங்கள் மாடிக்கு வருவதற்குக் காரணமே இல்லாமல் போய்விட்டது.

மாடி என்பது சின்ன விஷயமில்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்கிற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தாமஸ் ஆலன் என்ற பேராசிரியர் ஆராய்ச்சிக்கூடங்களில் பொறியாளர்கள் யார் யாரோடு எவ்வளவு பேசுகிறார்கள் என்று கணக்கெடுத்து 1977இல் வெளியிட்டார். இருவருடைய இருக்கைக்கும் இடையில் தூரம் கூடக்கூடப் பேச்சு சட்டென்று விழுகிறது, ஐம்பது மீட்டரைத் தாண்டினால் ஏறக்குறைய இல்லவே இல்லை. எங்கள் ஸ்டாஃப் ரூமிலிருந்து ஆபீஸுக்கு அதைவிட அதிகம் இருக்கும், நடுவில் இரண்டு படிக்கட்டு வேறு. முட்டி வலிக்காரர்கள் சம்பளச் சான்றிதழ் வாங்கத்தான் கீழே போவார்கள், அதையும் வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவார்கள்.

குழுவில் எழுதுவதில் இன்னொரு சிக்கல், எழுத்தில் குரல் இருக்காது. போன வருடம் ஒரு சார் விளையாட்டாக "அடுத்த வாரத்திலிருந்து காலை ஏழரைக்கே கைரேகை" என்று போட்டுவிட்டார். இரண்டு பேர் வீட்டில் சண்டை, ஒருவர் பிள்ளையின் பள்ளி வேனையே மாற்றச் சொல்லிவிட்டார். இது இன்றைக்கு நேற்று வந்த வியாதி இல்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1982இல், உள்ளே இருப்பவர்கள் எழுதிக்கொள்கிற மின்னணுப் பலகையில், லிஃப்டில் பாதரசம் இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு இயற்பியல் புதிர் ஓடியது, அதை வைத்து ஒருவர் லிஃப்டில் பாதரசம் கொட்டிவிட்டது என்று எச்சரிக்கை மாதிரியே கிண்டலாக எழுத, முன்கதை தெரியாதவர்கள் நிஜம் என்று நம்பிவிட்டார்கள். அதற்கு அப்புறம்தான், செப்டம்பர் 19 அன்று, ஸ்காட் ஃபால்மன் என்பவர் கிண்டலாக எழுதினால் பக்கத்தில் இரண்டு புள்ளி, ஒரு கோடு, ஒரு அடைப்புக்குறி போடுங்கள் என்றார். நாம் இன்று போடுகிற சிரிப்பு முகம் ஒரு கல்லூரி வம்பிலிருந்து பிறந்தது. எங்கள் சார் அதைப் போட மறந்துவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லேப் சார் விஷயத்துக்குப் பிறகு நானும் ஆபீஸில் ஒரு தோழியும் சேர்ந்து ஒரு தாள் ஒட்ட ஆரம்பித்தோம். கைரேகை மெஷின் பக்கத்துச் சுவரில், ஏனென்றால் முதல்வரிலிருந்து தோட்டக்காரர் வரைக்கும் அங்கே நின்றுதான் ஆக வேண்டும், மெஷினும் இரண்டு மூன்று முறை விரலை வைக்கச் சொல்லும், அதற்குள் படித்துவிடலாம். வாரத்துக்கு ஐந்தாறு வரி. யார் புதிதாகச் சேர்ந்தார்கள், யார் போகிறார்கள், யாருக்குக் குழந்தை, யார் வீட்டில் துக்கம். கெளரவ விரிவுரையாளர்கள் பெயரையும் கட்டாயம் போட வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அவர்கள் பருவம் முடிந்தால் சத்தமில்லாமல் காணாமல் போவார்கள், டைம்டேபிளில் பெயர் மாறியதும்தான் நமக்கே தெரியும்.

இரண்டாவது வாரமே சொதப்பினேன். ஒரு சக ஆசிரியை மருத்துவமனையில் இருக்கிறார் என்று நல்லெண்ணத்தில் எழுதிவிட்டேன், அவரைக் கேட்கவில்லை. திரும்பி வந்து நேராக என் மேஜைக்கு வந்தார். "எனக்கு என்னன்னு நானே இன்னும் எங்கம்மாவுக்குச் சொல்லல, நீங்க சுவத்துல ஒட்டிட்டீங்க." பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கே கிழித்துவிட்டேன். அதிலிருந்து சம்பந்தப்பட்டவர் சரி என்று சொல்லாமல் ஒரு வரியும் ஏறாது. இதனால் தாள் பாதி நாள் காலியாகத்தான் தொங்குகிறது, தொங்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை லேப் சாருக்கு ஃபோன் போட்டேன். தாமதமாக விசாரிக்கிறேன் என்று மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "புதுப் பையன் சோடியம் விளக்கை முன்னாடியே போடறானா?" என்று கேட்டார். அப்புறம், "உங்க டிபார்ட்மெண்ட் மேடத்துக்கு நேத்து ராத்திரி பெண் குழந்தையாமே, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?" என்றார்.

எங்கள் துறையில் அது யாருக்கும் தெரியாது. ஃபோனை வைத்துவிட்டு அந்த மேடத்தின் கணவருக்குக் கூப்பிட்டு, தாளில் போடலாமா என்று கேட்டேன்.