சிங்கம் எப்படி நிற்கிறது என்று பாருங்கள்

ஐரோப்பிய அரசச் சின்னங்களில் எந்த மிருகம் இருக்கிறது என்பதைவிட அது எப்படி நிற்கிறது என்று பார்க்கத்தான் எனக்கு ஆசை. ஸ்காட்லாந்தின் சிவப்புச் சிங்கம் தங்க நிறப் பின்னணியில் பின்னங்காலில் எழுந்து, நகத்தை விரித்து, பாயத் தயாராக நிற்கும். இந்த நிலைக்கு 'ராம்பண்ட்' என்று பெயர். இங்கிலாந்தின் மூன்று தங்கச் சிங்கங்கள் அப்படியில்லை, ஒன்றன்கீழ் ஒன்றாக, வலது முன்னங்காலைத் தூக்கி நடந்துகொண்டே முகத்தைத் திருப்பி நேராக நம்மைப் பார்க்கும், 1190களில் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டின் இரண்டாவது முத்திரையிலேயே இவை வந்துவிட்டன. உட்கார்ந்தால், படுத்தால், தூங்கினால் எல்லாம் தனித்தனிப் பெயர்.

ஏன் இவ்வளவு நுணுக்கம் என்றால், சின்னத்தைப் படமாக இல்லாமல் சொற்களாகவே பதிவு செய்தார்கள், அதைப் படிக்கும் எந்த ஓவியரும் சரியாக வரைந்துவிட வேண்டும். அப்புறம் சிங்கம் எல்லோருக்கும் பிடித்த மிருகம், எத்தனையோ குடும்பங்கள் அதையே வைத்திருந்தன, நிறமும் நிற்கும் விதமும் மாறினால்தான் யாருடையது என்று தெரியும்.

எனக்கு மிகப் பிடித்தது சங்கிலியோடு நிற்கும் ஸ்காட்லாந்து ஒற்றைக்கொம்புக் குதிரை. 1603இல் ஜேம்ஸ் மன்னர் இரண்டு நாடுகளுக்கும் அரசரானதும் அது இங்கிலாந்துச் சிங்கத்துக்கு எதிரே, அரசச் சின்னத்தின் நடுவில் இருக்கும் கேடயத்தைத் தாங்க வந்தது. ஸ்காட்லாந்தில் பயன்படுத்தும் வடிவத்தில் மட்டும் இரண்டும் இடம் மாறும், குதிரை தலையில் கிரீடமும் இருக்கும்.